இரண்டு நூல் உயரம்

என் அக்காவைக் கட்டியவர் வாழ்நாளில் பாதியைத் தொங்கிக்கொண்டே கழித்தவர். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் நடுவே மேலிருந்து கீழ்வரை போகும் இருட்டுக் குழிக்குள், கம்பியில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்று, ஒரு கையில் விளக்கும் மறு கையில் ஸ்பேனருமாகச் சம்பாதித்தார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் தொங்கல். வீட்டுக்குப் போன் போட்டு, "தொங்கல் இருக்காரா?" என்பார்கள். அக்கா முகம் மாறாமல், "குளிச்சிட்டிருக்கார்" என்பாள்.

இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே பதிலை எதிர்பார்ப்பார்கள். நின்றுபோன லிஃப்டுக்குள்ளே அவள், கதவை நெம்பிக் காப்பாற்ற இவர். அப்படி ஒரு மண்ணும் நடக்கவில்லை. அக்கா அந்தக் கட்டடத்தில் டெலிபோன் ஆபரேட்டர். லிஃப்டை அவள் நம்பியதே இல்லை, தினமும் படியேறித்தான் போவாள். லிஃப்டைப் பராமரிக்கிற ஆளுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. "ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டே இவரும் கூடப் படியேறினார். மாடி மாடியாக ஏறியதில் எங்கோ கேள்வி மாறிவிட்டது. அதற்கு மட்டும் அவள் சரி என்றாள்.

கார் வந்தது கல்யாணத்துக்குப் பிறகு. ஒரு பழைய ஹோட்டலின் அடித்தளத்தில், லிஃப்ட் குழிக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு, துணி போர்த்திக் கிடந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு கித்தான். யாரோ பணக்காரர் பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று வாங்கியதாம். அவர் போன பிறகு வாரிசுகள் திரும்பிப் பார்க்கவில்லை. "இடம் காலியானா போதும், எடுத்துட்டுப் போங்க" என்றார் ஹோட்டல் மேனேஜர். வெளிறிய பச்சை நிறம். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அதில் ஏறுவது ஏறுவதே அல்ல, இறங்குவது.

ஊருக்கு மேலே ஓர் ஏரி இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் சாலை. லீவு நாள் வந்தால் இருவரும் காரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். நான் அப்போது சின்னப் பெண். வாசலில் நின்று கையாட்டுவேன். மூன்றாவது சீட் வைக்கத் தெரியாதவன் என்ன பெரிய கார் செய்தான் என்று அன்றைக்கே எனக்கு ஒரு கடுப்பு. அவர்கள் திரும்பி வரும்போது அக்காவின் தலைமுடியில் ஏரிக்காற்றின் ஈர வாசனை இருக்கும். அதை முகர்ந்துகொண்டு அவள் பக்கத்தில் படுப்பேன். நானும் போய்வந்தது போலிருக்கும்.

பிறகு வேலை, வயது, வாழ்க்கை. கார் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அத்தான் ரிட்டயர் ஆன கையோடு அக்கா படிக்கட்டில் தவறி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. லிஃப்டை நம்பாமல் போனாயே என்று கேலி செய்ய வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். ஆபரேஷன் நன்றாக நடந்ததாகத்தான் டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் கூட்டி வந்தோம். சாலையில் பள்ளத்துக்குப் பள்ளம் அவள் கத்திய கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றோடு சரி. அதற்கப்புறம் அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. கட்டில், அடுக்களை, பின்பக்க ஜன்னல், அவ்வளவுதான் அவள் ஊர். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடப்பாள். யாரும் தொட்டுத் தூக்கக் கூடாது, துணி மாற்றவும் கூடாது. எப்போதும் குளிருகிறது என்று ஒரு கனத்த கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அந்த ஜன்னலிலிருந்து, "ஏரியில இப்ப தண்ணி இருக்குமா?" என்று கேட்டாள்.

அத்தான் இதற்குத்தான் காத்திருந்தவர் போல, "நம்ம வண்டியில போய்ப் பாத்துடுவோமா?" என்றார்.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்தாள். பிறகு, "ஒரு தடவை வரேன்" என்றாள். "குலுக்கி எடுத்துச்சுன்னா இறங்கிடுவேன். அதுக்கப்புறம் எங்கேயும் வான்னு என்னைக் கேக்கக் கூடாது. உங்க வண்டியும் வேணாம், எந்த வண்டியும் வேணாம். சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு அத்தான் கொட்டகைக்குள் போனார். அந்த ஒரு தடவையில்தான் எல்லாம் இருந்தது. அவள் மீண்டும் வெளியுலகத்துக்கு வருவதா, இல்லை அந்த ஜன்னலோடு முடிவதா என்பது, காரின் பின்பக்கம் ஒரு பள்ளத்தில் எப்படி இறங்கி ஏறுகிறது என்பதைப் பொறுத்துப் போய்விட்டது.

பின்பக்கம் படு மோசம். ஸ்பிரிங்குகள் களைத்து உட்கார்ந்துவிட்டன. ஷாக் அப்சார்பர்கள் எண்ணெயைக் கக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஓர் இரும்புக் கை பிடித்திருக்கிறது. அது பள்ளம் மேடுக்கு ஏற்பத் தோளிலிருந்து ஏறி இறங்க வேண்டும். அந்தத் தோளில், போல்டைச் சுற்றி, ரப்பர் புஷ் என்று ஓர் உறை இருக்கிறது. ரப்பர் என்று பேர்தான், தொட்டால் தார் போலக் கையில் ஒட்டியது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானத்தில் கடை மூடியிருக்கும் நேரம் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போலிருக்கிறது. கொட்டகையின் கூரையில் ஒளி ஊடுருவும் தகடு ஒன்று உண்டு. அதன் வழியாக மஞ்சளாக வெயில் இறங்கும், தூசி அதில் அவசரமில்லாமல் சுற்றும். சக்கரங்களைக் கழற்றி ஸ்டாண்டு மேல் நிறுத்திய கார், கீழே ஒன்றுமே இல்லாதது போல அந்த வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஜன்னலில் அக்கா, மாத்திரை தந்த அரைத்தூக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஒரு குருவிக் கூட்டம். ஸ்பேனர் ஒரு முறை கிணுங்கும். நெடுநேரம் கழித்து இன்னொரு முறை.

"கார் மூச்சு விடுதுடி" என்பாள் அக்கா கண்ணைத் திறக்காமல்.

"அது உன் வீட்டுக்காரர் மூச்சு வாங்கறது" என்பேன்.

"இல்ல, கார்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தபடியே தூங்கிப்போவாள்.

வேலையும் ஒரு கனவின் வேகத்தில்தான் நடந்தது. அத்தான் துருவைச் சுரண்டுவார், சுரண்டிய இடத்தையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் தண்ணீருக்காக ஃபிரிட்ஜைத் திறந்தால், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிபன் டப்பா. உள்ளே புத்தம்புது ரப்பர் புஷ்கள், உறை பனி பூத்த இரும்பு வளையங்களோடு. குளிரில் இரும்பு ஒரு துளி சுருங்குமாம், துளைக்குள் லகுவாக இறங்குமாம். "நல்லவேளை, பசியோட வந்து திறக்கல" என்றேன். அவர் டப்பாவைப் பிள்ளையை வாங்குவது போல இரு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், புது ரப்பர். மிதக்கிற காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு போல்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். வெளியே வந்தபோது முகம் பூராவும் கிரீஸ், அதற்குள் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "இனிமே எமனே வந்தாலும் இந்த போல்டு அசையாது" என்றார். இவ்வளவு திருப்தியாக ஓர் ஆணை நான் பார்க்கும்போதெல்லாம் பின்னாலேயே ஏதாவது வரும்.

வந்தது. சக்கரம் மாட்டிக் கீழே இறக்கியபோது கார் வாத்து மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "புது ஸ்பிரிங் அப்படித்தான், போகப் போக உக்காரும்" என்றார் அத்தான். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, காரின் விளிம்பைப் பிடித்து, தானே உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். கார் தெருவில் ஊர்ந்தது. எதிர்வீட்டுத் தபால்காரர் வேலியோரம் நின்று பார்த்தார். தெரு முனையில் ஒரு சின்ன மேடு, சைக்கிள்காரன்கூட அதைக் கவனிக்க மாட்டான். அதில் ஏறி இறங்கியதும் அக்காவின் கை மேலே உயர்ந்தது. அவள் கத்தவில்லை. கை மட்டும் உயர்ந்து அப்படியே நின்றது.

வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் யாரையும் திட்டவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாக்குக் கொடுத்தவர் அல்லவா, மறுபடி கேட்கவும் முடியாது. கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தார். மத்தியானங்கள் பழையபடி மஞ்சளாக வந்து போயின, ஸ்பேனர் சத்தம் மட்டும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடலாம் என்ற முடிவோடு எழுந்தார். சக்கரங்களைக் கனத்த மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தி, அடியில் நுழைந்து, இடப்பக்கக் கையின் தோள்பட்டை போல்டைத் தளர்த்தினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமாக ஒரு முனகல் கேட்டது. அடுத்து, யாரும் தொடாமலேயே, காரின் வால் அந்தப் பக்கம் மெதுவாகக் கீழே இறங்கி அமைதியாக நின்றது. இத்தனை நாள் யாரோ அதன் கையைப் பின்னால் முறுக்கி வைத்திருந்தது போலவும், இப்போது விட்டுவிட்டது போலவும் இருந்தது.

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சின்னவளே, நான் ஒரு முட்டாள்" என்றார், படுத்தபடியே.

"அது தெரிஞ்ச சேதிதானே. புதுசா என்ன?"

"லிஃப்டுல எல்லாமே தொங்கிட்டிருக்கும்போதுதான் முறுக்கணும். அதே பழக்கத்துல இதையும் தொங்கவிட்டு முறுக்கிட்டேன். இது தரையில நிக்கிற ஜந்து. நிக்கிறப்போ எப்படி இருக்குமோ அப்படி வச்சு முறுக்கினாத்தான் ரப்பர் நிம்மதியா இருக்கும். நான் தொங்கின நிலையில இறுக்கிட்டேன். கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு, உள்ள உக்காரவே விடாம எதிர்த்துட்டு நின்னிருக்கு. அதான் அந்தக் குலுக்கல்."

தெருவில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பான். இவர் யாரையும் கேட்கவில்லை. வாழ்நாள் பூராவும் தொங்கிய மனிதருக்கு, பூமியில் நிற்பது என்று ஒரு நிலை இருப்பதே ஞாபகம் வரவில்லை.

கார் சும்மா தரையில் நின்றால் போதாதாம், ஆட்கள் ஏறி உட்கார்ந்த கனத்தோடு நிற்க வேண்டுமாம். மற்றவர்கள் இதற்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். இவர் சாக்கில் மணல் நிரப்பினார். தன் சீட்டுக்குத் தன் எடைக்கு ஒரு மூட்டை. அக்கா சீட்டுக்கு அவள் எடைக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பார்த்த எடை அவருக்கு மனப்பாடம். இரண்டையும் ஏற்றி, வண்டியை அமுக்கி அமுக்கி விட்டு, அது ஓர் உயரத்தில் நிலைத்ததும், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் ஒரு குச்சியை நிறுத்தி, விளிம்புக்கு நேராகக் குச்சியில் சாக்பீஸால் கோடு போட்டார். குச்சியைப் பிடித்துக்கொண்டு கோட்டைக் கண்காணிப்பது என் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கச் சொன்னார். ஸ்பேனரோடு அடியில் போனார்.

அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா. சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, கொட்டகைக்குள் வந்து நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் பேசியது எல்லாம் ஜன்னலுக்குக் கேட்டிருக்கிறது.

"என் இடத்துல எதுக்கு மண்ணு மூட்டை?" என்றாள்.

"நீதான் வரமாட்டேன்னுட்டியே" என்றேன்.

"போகத்தான் வரமாட்டேன்னேன். உக்கார வரமாட்டேன்னு சொன்னேனா? அதைத் தூக்கு."

அடியில் அத்தானின் கால்கள் ஆடாமல் அசையாமல் கிடந்தன. வாயைத் திறந்தால் எங்கே அவள் மனசு மாறிவிடுமோ என்ற பயம்தான். மூட்டையை இழுத்து வெளியே போட்டேன். அவள் விளிம்பைப் பிடித்து மெல்ல இறங்கி, உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூரைத் தகட்டின் மஞ்சள் அவள் முகத்தில் விழுந்தது.

"வண்டியை லேசா அமுக்கி விட்டுட்டுப் பாரு" என்றார் அத்தான். "கோட்டுல இருக்கா?"

இல்லை. விளிம்பு கோட்டுக்கு மேலே நின்றது. தச்சர்களும் இவரைப் போன்றவர்களும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். கண்ணாடிக் கடையில் பழகிய என் கண்ணுக்கு அரை நூல்கூடத் தப்பாது.

"கோட்டுக்கு மேல ரெண்டு நூல் இருக்கு" என்றேன்.

"சரியா சாஞ்சு உக்காந்திருக்காளா?"

"சாஞ்சுதான் இருக்கா."

"குச்சியை நேரா பிடி. திரும்பப் பாரு."

திரும்பப் பார்த்தேன். "ரெண்டு நூல்தான் அத்தான்."

அடியில் ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் குச்சியை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தேன். கம்பளிச் சட்டையின் கழுத்துப்பட்டைக்குள் அவள் கழுத்து தனியாக நின்றது, பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே என் கை போகும். சட்டைக்குள் அவளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கொண்டுபோன தட்டெல்லாம் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஜன்னலுக்கு வெளியே அத்தனை குருவிகள் எதற்காகக் கூடின என்பது இப்போதுதான் உறைத்தது. அவள் தேறி வருகிறாள் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளோ ஒரு மூட்டையின் கணிசமான பங்கை யாருக்கும் தெரியாமல் இறக்கி வைத்துவிட்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "காலடியில ஒரு சின்ன மூட்டை வச்சா கோட்டுக்கு வந்துடும் அத்தான்" என்றேன்.

"வேணாம்." ஸ்பேனரை மறுபடி எடுக்கும் சத்தம் கேட்டது. "அந்தக் கோட்டை அழிச்சிடு. இப்ப எங்க நிக்குதோ அங்கே புதுசா போடு" என்றார்.

பாவாடை ஓரத்தால் பழைய கோட்டைத் துடைத்தேன். இரண்டு நூல் தள்ளிப் புதுக்கோடு போட்டேன்.

"என்னங்க, கனம் பத்தலையா?" என்றாள் அக்கா மேலேயிருந்து, கண்ணைத் திறக்காமல்.

"பத்தும்" என்றார் அத்தான் கீழேயிருந்து.

முறுக்க ஆரம்பித்தார். போன தடவை போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அல்ல. கொஞ்சம் முறுக்குவார், நிறுத்துவார், மேலே அவள் மூச்சு வருவதைக் கேட்பது போலக் காத்திருப்பார், மறுபடி கொஞ்சம். இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் போனார். வெளியே மேகம் வந்து வெயில் அணைந்து மறுபடி எரிந்தது. அக்கா தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

எல்லாம் முடிந்து அவர் வெளியே வந்து, அவள் இறங்குவதற்குக் கை நீட்டினார். கண்கள் சிவந்திருந்தன. துரு விழுந்துவிட்டது என்றார், கேட்காமலேயே.

அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "இறங்க ஒரு வலி, திரும்ப ஏற ஒரு வலி" என்றாள். "உக்காந்தது உக்காந்தாச்சு. அப்படியே போயிடலாம்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவர் சீட்டிலிருந்த மணல் மூட்டையை இழுத்து வெளியே போட்டேன். அவளை உள்ளே வைத்தே ஜாக்கியைப் போட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, ஒரு பூவைத் தண்ணீரில் விடுவது போலக் காரைத் தரையில் இறக்கினார். என்னிடமிருந்த துணியை அவள் தலையில் கட்டிவிட்டேன். இரண்டு சீட். எனக்கு இந்தத் தடவையும் வாசல்தான், ஆனால் கடுப்பு வரவில்லை. பச்சைக் கார் தெரு முனைக்குப் போனது. அந்த மேட்டில் ஏறி இறங்கியது. கை உயரவில்லை. நான் அங்கேயே, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று கடைக்குப் போகவில்லை. மத்தியானம் சாய்ந்து, நிழல்கள் தெருவின் குறுக்கே நீண்ட பிறகு கார் வந்தது. அக்காவின் தலைத்துணி எங்கோ பறந்துபோயிருந்தது. கம்பளிச் சட்டையின் முன்பக்கமெல்லாம் ரொட்டித் துணுக்கு.

"வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"வலிக்காம என்ன. வலிச்சுது" என்றாள். "ஏரியில தண்ணி நிறைய இருக்குடி. பாத்துட்டே இருந்தேன், பசிச்சிடுச்சு. அங்க ஒருத்தர் பன் வித்துட்டிருந்தார்."

"ரெண்டு பன் சாப்பிட்டா" என்றார் அத்தான் என்னிடம். யாரோ லாட்டரியில் ஜெயித்த சேதியைச் சொல்வது போலிருந்தது அவர் குரல்.

"இப்படியே தின்னா அந்தக் கோடு என்ன ஆகறது?" என்றேன். "உங்க ரப்பர் திரும்பவும் முறுக்கிக்குமே."

"முறுக்கட்டும். அவ ஒவ்வொரு நூல் இறங்க இறங்க நான் அவுத்து அவுத்து முறுக்கறேன். எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"

அக்கா சட்டையிலிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் தீர்ந்ததும் நிமிர்ந்து, இன்னொரு பன் இருக்கிறதா என்று அவரைக் கேட்டாள். இல்லை. அத்தான் எஞ்சினை அணைத்திருக்கவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பினார்.